சமய உயர்கல்வியும் தோட்டத்து இளைஞரும்

(நோர்வூட்டில் நடைபெற்ற மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இம்மேடையில் பேசியவர் பொறியியல் பயிலும் ஓர் அண்ணன். அதற்கு முந்திய ஆண்டு பேசியவர் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெறும் ஓர் அக்காள். அவர்கள் கூறியவை கேட்டவுடன் பயன்படத் தக்கவை. நானோ, பட்டம் பெற்றபின் சமயத்தையே உயர்கல்வியாகப் பயிலுதல் என்னும் பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பைக் கேட்டு எழுதிக்கொண்ட செயலாளர், "தம்பி, இதுக்குக் கூட்டம் உட்காருமா?" என்றார். உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி.

நான் கலைமாணிப் பட்டத்திற்கு இறுதி ஆண்டு பயில்கிறேன். பட்டத்தின் பின் என்ன செய்வாய் என்று வீட்டிலே கேட்டார்கள். சமயத் துறையில் முதுமாணி படிக்க விரும்புகிறேன் என்றேன். என் தந்தையார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாமியக் கும்பிடணும். அதப் படிக்கிறதுக்கு என்னாடா இருக்கு?" என்றார். அவர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அன்று நான் விடை கூறாமல் எழுந்து போய்விட்டேன். இன்று அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஆகவே, இவ்வுரையை அவருக்கு நான் செலுத்தவேண்டிய பழைய கடனாகக் கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவு செய்துகொள்வோம். சர்வகலாசாலைகளில் சமயத்தைப் பயில இரு வாயில்கள் உண்டு. ஒன்று இறையியல். ஒரு சமயத்தை நம்பி, அதனுள்ளே நின்று, அதன் கொள்கையை ஆராய்ந்து முறைப்படுத்துவது அது. நம் மெய்கண்ட தேவர் செய்தது அதுவே. மற்றொன்று சமயவியல். மனிதர் எதனை வழிபடுகின்றனர், எவ்வாறு வழிபடுகின்றனர், அவ்வழிபாடு அவர் வாழ்வை எவ்விதம் அமைக்கின்றது என்று ஆராய்வது அது. இதைப் பயில்பவன் அச்சமயத்தவனாக இருக்கலாம், இல்லாதவனாகவும் இருக்கலாம்.

இதனை விளக்கப் பெரிய நூல் எதுவும் வேண்டுவதில்லை. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை நம் நோர்வூட் சந்தியில் நின்றால் போதும். அட்டனிலிருந்து மஸ்கெலியா நோக்கி இரவும் பகலும் யாத்திரை வண்டிகள் செல்கின்றன. மலை ஒன்று, அதன் உச்சியில் உள்ள சுவடும் ஒன்று. நாம் சிவனொளிபாதம் என்கிறோம். பௌத்தர் புத்தபிரானின் ஸ்ரீபாதம் என்பர். இஸ்லாமியர் ஆதம் நபியின் அடிச்சுவடு என்பர். கிறித்தவருள் சிலர் புனித தோமையாரை நினைப்பர். அச்சுவடு யாருடையது என்று தம் நூல்களைக் கொண்டு நிலைநாட்டுபவர் இறையியலார். ஒரே படிக்கட்டில் இத்தனை கூட்டத்தார் எங்ஙனம் ஏறி இறங்குகின்றனர், ஒருவர் நம்பிக்கை மற்றவர் நம்பிக்கையை எப்படித் தொட்டுக்கொண்டு நிற்கின்றது என்று கேட்பவர் சமயவியலார். இந்த இரண்டாம் வாயில் வயதில் இளையது. மாக்ஸ் முல்லர் 1870 இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளை அதன் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறுவர். நினியன் ஸ்மார்ட் என்பார் 1967 இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் சர்வகலாசாலையில் அதற்கென ஒரு தனித் துறையைத் தொடங்கினார். அவர் இளமையில் பட்டாளத்து உத்தியோகத்தில் இலங்கைக்கு வந்து, இங்குள்ள பௌத்தத்தோடு பழகியவர்.

இனி, நம்முடைய சமயத்தை இங்ஙனம் முற்காலத்தில் ஆராய்ந்தவர் யார் என்று பார்ப்போம். விடை நமக்குச் சற்றுக் கூச்சம் தருவது. 1706 ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் ஐயர் ஜேர்மனியர்; நம் சமயத்தை மாற்றுவதற்கென்றே அனுப்பப்பட்டவர். தமிழ் கற்றார், ஏடுகளைச் சேர்த்தார், ஊராரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 1713 இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஜேர்மன் மொழியில் ஒரு பெருநூலாக எழுதி முடித்தார். அதில் சிவனும் திருமாலும் மட்டுமா இருந்தனர்? ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி என்று நம் கிராம தேவதைகளும் வரிசையாக இருந்தனர். கைப்பிரதியைத் தாய்நாட்டுக்கு அனுப்பினார். அங்கிருந்த மேலோர் அதனை அச்சிட இசையவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதைப் பரப்பும் நூலை எழுதி அனுப்புவதா என்பது அவர்கள் எண்ணம். நூல் 1867 இல், அதாவது நூற்றைம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, சென்னையில் அச்சேறிற்று.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய வியப்பு உண்டாயிற்று. மறுப்பதற்காகப் படிக்கப் புகுந்தவர், படிக்கப் படிக்கத் தம்மை அனுப்பியவர்களே ஐயுறும் அளவுக்கு நம்மைப் பற்றி எழுதிவிட்டார். அவர் தம் மதத்தை விட்டுவிடவில்லை. எனினும், பிடாரியைப் பற்றி எழுதும்போது பிடாரியை வணங்குபவன் சொன்னதைக் கேட்டு எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தத் தோற்றத்திலேதான் ஆராய்ச்சி பிறக்கிறது.

அவருக்குப் பின் வந்தோர் பலர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியின் அதிபராக இருந்த அமெரிக்கர் ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854 இல் வெளியிட்டார். போப்பையர் தம் எண்பதாவது வயதில், 1900 இல், திருவாசக மொழிபெயர்ப்பை ஒக்ஸ்போர்ட்டில் வெளியிட்டது யாவரும் அறிந்ததே. 1912 இல் ஷோமெரஸ் என்னும் ஜேர்மனியர் சைவ சித்தாந்தத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் செய்தார். இவர்கள் அனைவரும் மிஷனரிமார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"அப்படியானால் இக்கல்வியே பிறர் நம்மை வெல்வதற்குச் செய்த சூழ்ச்சி" என்று சில நண்பர்கள் கூறுகின்றனர். நான் அங்ஙனம் கருதவில்லை. அதே கல்வியை நம்மவர் கையில் எடுத்தபோது என்ன நிகழ்ந்தது? நாவலர் பெருமான் வெஸ்லியன் மிஷன் பள்ளியிலே பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் அவருக்குத் துணை நின்றவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் நிறுவியவரும் அவரே. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்களும் மிஷன் பள்ளிகளிலே படித்தவர். வேதாந்தத்தில் அறவொழுக்கத்திற்கு இடமில்லை என்று கிறித்தவ அறிஞர் குறைகூறி வந்த காலத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவராக இருந்துகொண்டே, வேதாந்தத்தின் அறவியலைப் பொருளாகக் கொண்டு எம்.ஏ. பட்டத்திற்கு ஆய்வுரை எழுதினார். அது 1908 இல் அச்சாயிற்று. எழுதியவருக்கு அப்போது வயது இருபது! அவருடைய ஆசிரியர் ஹொக் என்பவர் கிறித்தவ இறையியல் அறிஞர், அவ்வாய்வுரையைப் பாராட்டியவர். பின்னர் 1936 இல் ஒக்ஸ்போர்ட்டில் கீழைச் சமயங்களுக்கென ஒரு பேராசிரியப் பதவி தோன்றியபோது, அதில் முதன்முதல் அமர்ந்தவர் அந்த மாணவரே.

படித்தால் பக்தி போய்விடும் என்று அஞ்சும் தாய்மார்களுக்கு இதனை விண்ணப்பிக்கிறேன். போகும் பக்தி படிக்காவிட்டாலும் போகும். நம் லயங்களிலே அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை.

மறுதிசையிலும் பாருங்கள். பாளையங்கோட்டையிற் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, கிறித்தவர். 1922 இல் ஒக்ஸ்போர்ட்டில் கலாநிதிப் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், நம் பக்தி இலக்கியத்தையும் யோவான் எழுதிய சுவிசேஷத்தையும் ஒப்புநோக்குவது. பின்னர் அவர் கோயம்புத்தூரில் பேராயர் ஆனார். யாழ்ப்பாணத்துப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1964 இல் வெளியிட்ட ஆங்கில நூல், அருள் என்னும் கொள்கை இந்து சமயத்திலும் கிறித்தவத்திலும் நிற்கும் நிலையைப் பற்றியது. மரியசூசை தவமணி என்னும் இயேசு சபைத் துறவி சைவ சித்தாந்தத்தில் இறையன்பு பற்றி எழுதிய நூலை 1971 இல் ஒக்ஸ்போர்ட் அச்சகம் வெளியிட்டது. கிறித்தவத் தமிழர் நம் சாத்திரங்களை இத்துணை ஊன்றிப் படித்திருக்கின்றனர். சைவராகிய நாம் அவர்களுடைய சுவிசேஷத்தை அங்ஙனம் ஊன்றிப் படித்து ஒரு நூல் செய்தோமா? மிஷன் பள்ளியில் படித்தவன் என்னும் உரிமையில் இதைக் கேட்கிறேன். யோனா என்னும் தீர்க்கதரிசி கடவுளோடு கோபித்துக்கொண்டு வெயிலிலே உட்கார்ந்த கதையைக் கேட்டபோது, இறைவனோடு தோழமை கொண்டு சினந்து பேசிய நம் சுந்தரர்தாம் என் நினைவுக்கு வந்தார். அன்று முதல் இவ்விரு பெரியோரையும் ஒருசேர வைத்துப் படிக்கவேண்டும் என்னும் ஆசை எனக்கு உண்டு.

ஆயினும் என்னை இத்துறைக்கு இழுத்தது யோனாவும் அல்லர், மெய்கண்டாரும் அல்லர். இதனை மேடையிலே கூறலாமா என்று இரு வாரம் யோசித்தேன்.

என் தாத்தா தேயிலைத் தொழிற்சாலையிலே வேலை செய்தவர். ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களுக்கு அருகே, சுவரோரமாக ஒரு கல் இருக்கும். அதன்மேல் செந்தூரமும் ஒரு வேப்பிலைக் கொத்தும் இருக்கும். அவர் ரோதை முனி. ஆண்டுக்கொருமுறை அவருக்குப் படையல் போடுபவர் என் தாத்தா. இங்குள்ள முதியோருக்கு ரோதை முனி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இளைஞர் சிலர் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவனே. கல்லூரியில் ஒருநாள் ஆசிரியர் ஒருவர், இந்துப் பிள்ளைகள் வீட்டிலே எத்தெய்வங்களை வணங்குகிறீர்கள் என்று அன்பாகத்தான் கேட்டார். பிள்ளையார், முருகன், சரஸ்வதி என்றேன். பின்வாங்கில் இருந்த எங்கள் தோட்டத்துப் பையன், "சேர், இவன் தாத்தா மெசினுக்குப் பூசை பண்றவரு" என்றான். வகுப்பு சிரித்தது. நான் எழுந்து, "இல்லை சேர், அது வேறு ஆள்" என்றேன். மறுதலித்தல் என்னும் சொல்லை நான் அந்தக் கல்லூரியின் வேதாகம வகுப்பிலேதான் கற்றிருந்தேன்.

சர்வகலாசாலைக்குச் சென்றபின் ஒருநாள் அச்சொல்லை எண்ணிப் பார்த்தேன். ரோதை என்பது என்ன? சிங்களத்தில் ரோதய என்றால் சக்கரம். அதுவும் போர்த்துக்கேயரின் சொல் வழியாகச் சிங்களத்திற்கு வந்தது. முனியோ நம் மூதாதையர் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடும் மலையும் கடந்து, நெஞ்சிலே சுமந்து வந்த காவல் தெய்வம். ஊரிலே எல்லையைக் காத்தவர், இங்கே இயந்திரத்தின் சக்கரத்தைக் காக்க நின்றார். கை நசுங்கும் இயந்திரத்தின் பக்கத்திலே, விபத்துக்கு மருந்தும் இழப்பீடும் அரிதாக இருந்த நாளிலே, அவர்களுக்கு ஒரு காவல் வேண்டியிருந்தது. மூன்று மொழிகளும் ஒரு மக்கட் கூட்டத்தின் அச்சமும் நம்பிக்கையும் ஒரு பெயருக்குள் அடங்கி நிற்கின்றன. எந்தப் புராணமும் பாடாத தெய்வம், நம் மலையிலே பிறந்த தெய்வம், நம் பாடப் புத்தகத்திலே ஒரு வரியும் பெறவில்லை. கவ்வாத்துச் சாமியின் கதியும் அதுவே. 1713 இல் ஒரு ஜேர்மன் பாதிரியார் பிடாரிக்குக் கொடுத்த இடத்தை, நாம் இன்னும் ரோதை முனிக்குக் கொடுக்கவில்லை.

விடுமுறைக்கு வந்து தாத்தாவிடம் கேட்டேன். படையலின்போது வாய்க்குள்ளே என்ன சொல்லுகிறீர்கள் என்றேன். கொஞ்சம் சொன்னார். மீதியை, "விரதம் இருந்து எடுத்துக்கிட்டவனுக்குத்தான் சொல்லணும் சாமி, நீ அடுத்த லீவுக்கு வா" என்றார். அடுத்த விடுமுறைக்கு நான் பரீட்சையைக் காரணம் காட்டி வரவில்லை. அதற்கடுத்த விடுமுறைக்கு வந்தபோது அவர் இல்லை. என் கொப்பியில் பதினோரு வரிகள் இருக்கின்றன. மீதி எத்தனை வரி என்பதுகூட எனக்குத் தெரியாது.

அப்பா, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

இத்தகைய ஆராய்ச்சி நடவாத காரியம் அன்று. 2025 இல் மறைந்த பேராசிரியர் கணநாத் ஒபேசேகர பேராதனையிலே படித்தவர். கதிர்காமத்தில் சடைமுடியோடு தெய்வமேறி ஆடும் அடியாரோடு பழகி, அவர்கள் வாழ்க்கைக் கதையைக் கேட்டு 1981 இல் ஒரு நூலும், பத்தினித் தெய்வமாகிய கண்ணகி வழிபாட்டைப் பற்றி 1984 இல் ஒரு பெருநூலும் எழுதினார். உலக சர்வகலாசாலைகளில் இன்றும் அவை பாடமாக உள்ளன. நம் தோட்டங்களைப் பற்றியும் எழுதியவர் இல்லாமல் இல்லை. ஒட்வார் ஹொல்லுப் 1994 இல் தோட்டத் தமிழரின் சாதியையும் பண்பாட்டையும் பற்றி நூல் வெளியிட்டார், அவர் நோர்வேக்காரர். நோர்வேயிலிருந்து வருபவருக்கு உள்ள ஆர்வம் நோர்வூட்டிலே இருப்பவனுக்கு இருக்கக் கூடாதா?

ஒரு பெரியவர் முன்னதாகவே என்னிடம் ஓர் எதிர்வாதம் கூறினார். "எங்கள் சாமியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வேடிக்கை காட்டப் போகிறாயா?" என்றார். நியாயமான அச்சம். தாத்தா சொல்லாமல் வைத்த மீதியை நினைக்கும்போது, அவர் சொல்லியிருந்தாலும் அதை அச்சிட எனக்கு உரிமை உண்டா என்று நானே ஐயுறுகிறேன். எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்று கேட்டறிந்து நடப்பதும் அக்கல்வியின் பகுதியே. இதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

இனி, எங்கே படிப்பது? இவ்விடத்தில் நம் குறையை மறைக்கலாகாது. கிறித்தவ சகோதரருக்கு ஏணி உண்டு. 1818 இல் தோன்றிய வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி, 1827 இல் டென்மார்க் மன்னரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. கண்டி அம்பிட்டியாவில் 1893 முதல் குருமடம் இருக்கிறது. பிலிமத்தலாவையில் 1963 இல் பல சபைகளும் கூடி இறையியற் கல்லூரி அமைத்தன. பௌத்தரின் வித்தியோதயப் பிரிவெனா 1873 இலும், வித்தியாலங்காரப் பிரிவெனா 1875 இலும் தோன்றி, இரண்டும் 1959 இல் சர்வகலாசாலைகளாக உயர்ந்தன. இஸ்லாமியருக்குப் பேருவளையில் 1973 முதல் நளீமிய்யா உண்டு. நமக்கு? 1974 இல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவிலே யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. அது இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அங்கே இந்து நாகரிகமும் சைவ சித்தாந்தமும் உயர்பட்டம் வரை பயிலலாம். கடல் கடந்தால் சென்னை, அண்ணாமலை, காசி. சென்னையிலே வ. ஆ. தேவசேனாபதி அவர்கள் சிவஞான சித்தியாரையும் அதன் அறுவர் உரைகளையும் ஆராய்ந்த நூல் 1960 இல் வெளிவந்தது. அத்தகைய உழைப்புக்கு அது ஒரு முன்மாதிரி. அதற்கப்பால் இங்கிலாந்தும் கனடாவும் இருக்கின்றன. 1959 இல் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவை அவ்வழியைத் திறக்கக் கூடும்.

உத்தியோகம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். பொய் கூறமாட்டேன். உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகம் கற்பிக்கும் ஆசிரியர் ஆகலாம். மிகச் சிலர் விரிவுரையாளர் ஆகலாம். அவ்வளவுதான். பொறியியல் அண்ணனுக்குக் கிடைப்பது எனக்குக் கிடையாது.

பெரியோர்கள் கோபித்துக்கொள்ளலாகாது, ஒன்று கேட்டுவிடுகிறேன். நம் தோட்டங்களில் கோபுரங்கள் உயர்கின்றன. வயிற்றைக் கட்டிச் சேர்த்த நாட்சம்பளப் பணத்தால் கும்பாபிடேகம் நடத்துகிறோம். அது நம் மக்களின் பெருமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கிறித்தவ சபையார் தம் பிள்ளையொருவனை இறையியற் கல்லூரிக்கு அனுப்பும்போது, சபையே அவன் செலவில் பங்கு ஏற்கிறது. நம் ஆலய வரவு செலவுக் கணக்கில், சமயம் படிக்கும் ஒரு பிள்ளைக்கென்று ஒரு வரி எழுதப்படுமா? எனக்காகக் கேட்கவில்லை, நான் ஏதேனும் வேலை பார்த்துக்கொண்டு படித்துக்கொள்வேன். அடுத்து வருகிற தங்கைக்காகக் கேட்கிறேன். பெண்பிள்ளை தெய்வத்தைப் பற்றி ஆராய்வதா என்று யாரும் எழவேண்டாம். மாரியம்மன் கரகத்தின்போது பாடும் பாட்டு முழுவதும் தெரிந்தவர்கள் எங்கள் லயத்திலே பெண்கள்தாம்.

மாசி மாதம் வருகிறது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் ஊன்றுவார்கள். எங்கள் தோட்டத்துக் காமன் வாத்தியாருக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. காமன் பொட்டலிலே விடிய விடிய உட்கார்ந்து எழுதிக்கொள்ள அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்க. ஆனா தப்பா எழுதாத. விடிஞ்சதும் எனக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். எந்தச் சர்வகலாசாலைப் பேராசிரியரும் இதைவிடக் கடுமையான நிபந்தனை விதிப்பாரோ என்னவோ, அறியேன்.

இக்கூட்டத்தில் தொழிற்சாலையிலே வேலை செய்து ஓய்வு பெற்ற தாத்தாமார் சிலரைக் காண்கிறேன். ரோதை முனி படையலில் சொல்லும் வரிகளுள் உங்களுக்கு நினைவிருப்பவற்றை, சொல்லத் தகுந்தவற்றை மட்டும், என்னிடம் சொல்லுங்கள். நான் இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஊரிலே இருப்பேன். நான் வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் நடந்து வரவேண்டாம்.